மும்பை–சென்னை: ஆகாயத்தில் 1,034 கி.மீட்டர், வீட்டுக்கு வீடு எத்தனை மணி?

ரெயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனிடம் ரெயிலைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள் என்று நினைத்தால் அது தவறு. பொங்கல் நெருக்கத்திலோ, மே மாத விடுமுறையிலோ, "சென்னைக்கு இடம் இல்லை, வெயிட்டிங் லிஸ்ட்தான்" என்று சொன்னதும் நம்மவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி இதுதான்: "பிளேன்ல போனா எவ்வளவு நேரம் சார்?"

நான் வாய் திறப்பதற்குள் வரிசையில் நிற்கும் யாராவது ஒருவர் பதில் சொல்லிவிடுவார். "ரெண்டே மணி நேரம். இங்கே காலைப் பலகாரம், அங்கே மத்தியானச் சாப்பாடு."

தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர் என்று தமிழர் வாழும் இடங்களில் எல்லாம் இந்த "ரெண்டே மணி நேரம்" புழங்குகிறது. அதை நம்பிக் கடன் வாங்கி டிக்கெட் எடுக்கிறார்கள். அதை நம்பி ஊருக்கும் நேரம் சொல்கிறார்கள். டிக்கெட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

2025-ம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்குப் பிறகு இது பணக்கணக்காகவும் ஆகிவிட்டது. அந்த மாத முதல் வாரத்தில், விமானிகளின் வேலை நேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்குத் தக்கபடி ஆள் ஏற்பாடு இல்லாமல் இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. கட்டணம் தாறுமாறாக ஏறியது. 6-ந் தேதி மத்திய அரசு தலையிட்டு உச்சவரம்பு விதித்தது. 500 கி.மீட்டர் வரை ரூ.7 ஆயிரத்து 500. அதற்கு மேல் 1,000 கி.மீட்டர் வரை ரூ.12 ஆயிரம். 1,000 முதல் 1,500 கி.மீட்டர் வரை ரூ.15 ஆயிரம். அதற்கும் மேல் ரூ.18 ஆயிரம். வரியும், விமான நிலையக் கட்டணங்களும் இதில் சேராது.

அன்றுதான் எங்கள் ஆபீசிலேயே பலர் கேட்டார்கள், "மும்பைக்கும் சென்னைக்கும் ஆகாயத்தில் எத்தனை கி.மீட்டர்?" என்று.

நூல் பிடித்த தூரம்

ரெயிலில் சென்னைக்கு சுமார் 1,280 கி.மீட்டர். கல்யாண் தாண்டி, கர்ஜத்–லோனாவாலா மலை ஏறி, புனே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், கடப்பா, ரேணிகுண்டா, அரக்கோணம் என்று போகும் பாதை. இது ஒரே கம்பெனி போட்ட பாதை அல்ல. மும்பையிலிருந்து ஒரு கம்பெனியும், சென்னையிலிருந்து இன்னொரு கம்பெனியும் போட்டுக்கொண்டு வந்து 1871-ம் ஆண்டு ராய்ச்சூரில் இணைத்தார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் விட்டுக்கொடுத்து வளைந்து வளைந்து வந்த பாதை என்பதால் நீளம் அதிகம்.

விமான தூரம் என்பது வேறு. பள்ளிக்கூடத்தில் இருக்கும் பூமி உருண்டையை எடுத்து, மும்பைப் புள்ளியிலிருந்து சென்னைப் புள்ளிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எவ்வளவு நீளம் வருமோ, அதுதான் விமான தூரம். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 1,034 கி.மீட்டர் வருகிறது. விமானிகள் கடல்மைல் கணக்கில் 558 என்பார்கள். ரெயிலை விட ஏறக்குறைய 250 கி.மீட்டர் குறைவு.

இந்த வழியில் விமானம் பறப்பது புதிதும் அல்ல. 1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக மும்பை ஜூகுவுக்கு ஒரு சின்ன விமானத்தில் தபால் மூட்டையைக் கொண்டுவந்தார் அல்லவா? அத்துடன் கதை முடியவில்லை. ஜூகுவிலிருந்து அந்தத் தபாலை சென்னைக்குக் கொண்டுபோனவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். ஒரே மூச்சில் போக முடியாது. பெல்லாரியில் இறங்கி, ராத்தங்கி, மறுநாள்தான் சென்னை சேர்ந்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் முதல் தபால் பாதையில் ஒரு பாதி, நம்முடைய மும்பை–சென்னைப் பாதைதான். ரெயிலும் அந்தக் காலத்தில் ஏறக்குறைய அதே நேரத்தில் சேர்த்திருக்கும் என்று எங்கள் ஆபீஸ் பெரியவர் ஒருவர் சொல்லுவார். இலாகா விசுவாசம்!

போரிவ்லி தூரத்துக்கு ரூ.3 ஆயிரம்

மீண்டும் உச்சவரம்புக்கு வருவோம். 1,000 கி.மீட்டருக்குள் இருந்தால் ரூ.12 ஆயிரம், அதைத் தாண்டினால் ரூ.15 ஆயிரம். மும்பை–சென்னை 1,034. கோட்டைத் தாண்டியது வெறும் 34 கி.மீட்டர். அதாவது சர்ச்கேட்டிலிருந்து போரிவ்லி வரை உள்ள தூரம். லோக்கல் ரெயிலில் இரண்டாம் வகுப்பில் 20 ரூபாய்கூட ஆகாத அந்தத் தூரத்துக்காக, விமானத்தில் ரூ.3 ஆயிரம் கூடுதலாக வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும் என்று வாதிக்கலாம். சரிதான். ஆனால் ரெயில்வேயில் இப்படி 500 கி.மீட்டருக்கு ஒரு படி வைப்பதில்லை. சின்னச் சின்னப் படிகள். 10, 20 கி.மீட்டர் கூடினால் சில ரூபாய் கூடும். தூரம் போகப் போக ஒரு கி.மீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும். நெடுந்தூரம் போகும் ஏழைக்கு அது ஒரு சலுகை. விமானக் கட்டண வரம்பில் அந்தச் சிந்தனை இல்லை.

இதற்கு முன்பு ஒரு தடவை வேறு அளவுகோலை எடுத்தார்கள். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020-ம் ஆண்டு மே 25-ந் தேதி உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, தூரத்தைப் பார்க்கவில்லை. பயண நேரத்தைப் பார்த்தார்கள். ஒன்றரை மணி முதல் 2 மணி நேரம் வரை உள்ள பயணத்துக்குக் குறைந்தது ரூ.3 ஆயிரத்து 500, அதிகபட்சம் ரூ.10 ஆயிரம் என்று வைத்தார்கள். 2 மணி முதல் இரண்டரை மணி நேரத்துக்கு ரூ.4 ஆயிரத்து 500 முதல் ரூ.13 ஆயிரம். இந்த ஏற்பாட்டை 2022 ஆகஸ்டு 31-ந் தேதியோடு எடுத்துவிட்டார்கள்.

ஒரு தடவை மணிக்கணக்கு, ஒரு தடவை கி.மீட்டர் கணக்கு. சாதாரண நாளில் இரண்டும் இல்லை. எத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள் என்பதைப் பார்த்து விலை ஏறும். இழவு வீட்டுக்குப் போகிறவன், திருமண வீட்டுக்குப் போகிறவன் என்ற பேதம் அதற்குக் கிடையாது. கடைசி நேரத்தில் வருகிறவனிடம் அதிகம் வாங்கும், அவ்வளவுதான்.

மேற்கே ஏறிக் கிழக்கே போவது

இப்போது நேரத்துக்கு வருவோம். ஜெட் விமானம் உச்சிக்குப் போனபிறகு மணிக்கு சுமார் 830 கி.மீட்டர் வேகத்தில் பறக்கும். 1,034 கி.மீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம் வருகிறது. ஆனால் கால அட்டவணையில் 1 மணி 50 நிமிடம் என்றும், 2 மணி 5 நிமிடம் என்றும் போடுகிறார்கள். நடுவில் முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று?

விமானக் கம்பெனிகள் சொல்லும் பயண நேரம், பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிற்கும் இடத்தை விட்டு அசைந்த நிமிடத்திலிருந்து, அங்கே போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நிமிடம் வரை உள்ள நேரம். அதற்கு "பிளாக் டைம்" என்று பெயர்.

மும்பை விமான நிலையத்தில் ஓடுபாதை இரண்டு இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அதனால் ஒரே நேரத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்த முடியாது. ஒரு ஓடுபாதையில்தான் ஏற்றமும் இறக்கமும். நெருக்கடி நேரத்தில் மணிக்கு 45 விமானங்கள் வரை ஏறி இறங்குகின்றன. நம்முடைய தாதர் ஸ்டேஷன் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நின்று சிக்னல் வாங்கித்தான் போக வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் முன்னால் நாலைந்து விமானங்கள் நிற்பதைப் பார்க்கலாம்.

சிக்னல் கிடைத்து ஏறினாலும் உடனே சென்னைப் பக்கம் திரும்பாது. சென்னை கிழக்கே இருக்கிறது; ஆனால் பெரும்பாலான நாட்களில் விமானம் மேற்கே ஓடி, ஜூகு கடலுக்கு மேலே ஏறிப் பிறகுதான் வளைந்து திரும்பும். விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பதால் இப்படி. சென்னையிலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் நகரத்தைத் தாண்டி வங்கக்கடல் வரை போய்த் திரும்பி வந்து மீனம்பாக்கத்தில் இறங்கும். நூல் பிடித்த கணக்கில் இந்தச் சுற்று எதுவும் இல்லை.

நடுவழியிலும் நேர்கோடு கிடைப்பதில்லை. ராணுவத்துக்கு என்று ஒதுக்கிய வான்பகுதிகள் உண்டு. நாட்டின் வான்வெளியில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானத்துக்குத் தடையில்லாமல் கிடைக்கிறது என்று 2020 மே மாதம் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அறிவித்தார். இதைத் தளர்த்தினால் விமானத் துறைக்கு ஆண்டுக்கு ரூ.1,000 கோடி மிச்சமாகும் என்றும் அப்போது சொன்னார்கள்.

காற்றுக்கும் பங்கு உண்டு. குளிர்காலத்தில் மேலே மேற்கிலிருந்து கிழக்கே காற்று ஓடும். சென்னைக்குப் போகிறவனைப் பின்னால் இருந்து தள்ளும். மும்பைக்குத் திரும்புகிறவனை எதிர்க்கும். பருவமழைக் காலத்தில் இது தலைகீழ். தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று ஆறு போல ஓடுகிறது. 1950-களில் அதைக் கண்டு சொன்னவர் நம் நாட்டு வானிலை நிபுணர் கோடீஸ்வரம். ஆடி மாதத்தில் சென்னைக்கு விமானம் சில நிமிடம் பிந்துவதும், மும்பைக்கு முந்துவதும் இந்தக் காற்றின் வேலைதான்.

இவற்றுக்கெல்லாம் சேர்த்து, கொஞ்சம் தாராளமாகவே நிமிடங்களை அட்டவணையில் சேர்த்துவிடுகிறார்கள். அரை மணி பிந்திப் புறப்பட்டாலும் "சரியான நேரத்தில்" வந்துவிட்டதாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொள்ளலாம். இந்த வித்தை விமானக் கம்பெனிகளுக்கு மட்டும் தெரிந்தது அல்ல. எங்கள் இலாகாவிலும் உண்டு. நெடுந்தூர ரெயிலின் கால அட்டவணையைப் புரட்டி, கடைசி இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மாட்டுவண்டிகூட அதைவிடச் சீக்கிரம் போய்விடும் போல இருக்கும்.

அண்ணாச்சியின் கணக்கு

கடந்த ஆடி மாதம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தாராவியில் எங்கள் சாலில், பக்கத்து வீட்டில் இருக்கிறார் ஓர் அண்ணாச்சி. தோல் பட்டறையில் 20 ஆண்டு வேலை. கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமம். அதிகாலை 4 மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அம்மா இறந்துவிட்டார்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். மதுரைக்கு நேர் விமானம் ஒன்று அன்று இருந்தது. சென்னை போய், அங்கிருந்து தூத்துக்குடிக்கு வேறு விமானம் மாறினால் ஏறக்குறைய ரூ.2 ஆயிரம் குறைவு; நேரமும் முந்துவதாகத் தெரிந்தது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு டிக்கெட். 8-30 மணிக்கு மும்பையில் ஏறினால் 10-25-க்குச் சென்னை. அங்கே 11-55-க்கு ஏறினால் ஒன்றரை மணிக்குள் தூத்துக்குடி. நடுவில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். ரெயிலில் அது தாராளம்.

அண்ணாச்சி ஊருக்குப் போன் போட்டார். "ரெண்டரை மணிக்கெல்லாம் ஊர்ல நிப்பேன் மாமா. நான் வராம எடுத்துராதிய" என்றார்.

மும்பையில் அன்று நல்ல மழை. விமானம் நகர்ந்ததே 8-55-க்கு. வரிசையில் நின்று மேலே ஏறும்போது 9-25. சென்னையிலும் ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்தில் வந்து நின்றபோது மணி 11-20. மொத்தத் தாமதம் 55 நிமிடம்தான். ஆனால் தூத்துக்குடி விமானத்தின் கவுண்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்பே, அதாவது 10-55-க்கே மூடிவிட்டார்கள். விமானம் கண்ணெதிரே நிற்கிறது, ஏற வழியில்லை. மாலை விமானத்தில் இடம் இல்லை என்றார்கள். கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறினார்.

செங்கல்பட்டு பரனூர் சுங்கச்சாவடி தாண்டும்போது மாமாவுக்குப் போன் போட்டார். அங்கிருந்து ஊருக்கு இன்னும் 9 மணி நேரம் ஆகும். "நீங்க எடுத்துருங்க மாமா" என்று சொன்னதாக என்னிடம் பிறகு சொன்னார். அவர் இளைய மகன். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர். அண்ணன் வைத்தார். இவர் போய்ச் சேர்ந்தது இரவு 11 மணிக்கு மேல்.

ரூ.2 ஆயிரம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது நான் என்பதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

விதி என்ன சொல்கிறது?

அந்த 55 நிமிடத்துக்கு அண்ணாச்சிக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும்? விதிப்படி ஒரு டீகூடக் கிடையாது.

விமானப் போக்குவரத்து இயக்குனரகத்தின் விதிகள், தூரத்தைப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன "பிளாக் டைம்" எவ்வளவு என்றுதான் பார்க்கின்றன. 2025 டிசம்பர் நெருக்கடியின்போது நடப்பில் இருந்த விதி இது: பயண நேரம் இரண்டரை மணிக்குள் உள்ள விமானம், மும்பை–சென்னை போல, 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்தால் சாப்பாடும் சிற்றுண்டியும் கொடுக்க வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்பது பயணியின் விருப்பம்.

முன்கூட்டித் தெரிவிக்காமல் ரத்து செய்தால் டிக்கெட் பணத்தோடு நஷ்டஈடும் உண்டு. பயண நேரம் ஒரு மணி வரை இருந்தால் ரூ.5 ஆயிரம், 2 மணி வரை ரூ.7 ஆயிரத்து 500. 2 மணிக்கு மேல் ரூ.10 ஆயிரம். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. மழை, புயல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற, கம்பெனியின் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது. "மழை" என்ற ஒரு வார்த்தைக்குள் எத்தனையோ அடங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மும்பை–சென்னை அட்டவணை நேரம், விமானத்துக்கு விமானம் 2 மணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஊசலாடுகிறது. 1 மணி 55 நிமிடம் என்று அச்சிட்ட விமானம் ரத்தானால் உச்சவரம்பு ரூ.7 ஆயிரத்து 500. 2 மணி 5 நிமிடம் என்று அச்சிட்டதற்கு ரூ.10 ஆயிரம். பறப்பது ஒரே வானம். அட்டவணையை எழுதுவது கம்பெனி. ஆகவே டிக்கெட்டில் உள்ள நேரத்தை யாராவது "சும்மா ஒரு கணக்கு" என்று சொன்னால் நம்ப வேண்டாம். அதில் ரூ.2 ஆயிரத்து 500 இருக்கிறது.

அண்ணாச்சியின் இரண்டாவது டிக்கெட்? அவர் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அப்படி வராமல் போனாலும் வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. நாங்கள் கேட்டோம், வந்தது. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்திருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றி ஊர் சேர்ப்பது கம்பெனியின் பொறுப்பாகி இருக்கும். இது எனக்கு அன்று தெரியாது.

ரெயிலில் என்ன?

ரெயிலில் 2025 ஜூலை 1-ந் தேதி முதல் கட்டணம் உயர்ந்தது. குளிர்சாதன வசதி இல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் வகுப்புகளுக்கு கி.மீட்டருக்கு ஒரு பைசா. குளிர்சாதன வகுப்புகளுக்கு 2 பைசா. சென்னைக்கு ஸ்லீப்பரில் சுமார் 13 ரூபாய், ஏ.சி.யில் சுமார் 26 ரூபாய் கூடியது. நாடு முழுவதும் அது தலைப்புச் செய்தி. விமானத்தில் காலையில் பார்த்த விலை மாலையில் ரூ.2 ஆயிரம் ஏறினால் அது செய்தியே அல்ல. ரெயிலில் சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் கட்டணம் 60 நாளைக்கு முன்பு எடுத்தாலும், முதல் நாள் எடுத்தாலும் ஒன்றுதான். தட்கல் என்றால் அதற்கும் விலைப்பட்டியல் உண்டு. 3 மணி நேரத்துக்கு மேல் ரெயில் தாமதமானால் ஏறாமல் முழுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

மூட்டை விஷயமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம். விமானத்தில் பொதுவாக 15 கிலோ பெட்டியும், கையில் 7 கிலோவும்தான். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசியும் கருப்பட்டியும் கடலை மிட்டாயும் கட்டிக் கொடுக்கும் தாய்மார்களுக்கு இது தெரியாது. கொப்பரைத் தேங்காயை வேறு, தீப்பற்றும் பொருள் என்று எடுத்து வைத்துவிடுவார்கள்.

இதனால் ரெயில்தான் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. சென்னைக்கு 22 முதல் 24 மணி நேரம் ஆகிறது. தென் மாவட்டம் என்றால் ஒன்றரை நாள் போய்விடும். நாலு நாள் லீவில் மூன்று நாள் ரெயிலிலேயே கழிகிறது என்று கவுண்டரில் என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தினக்கூலிக்காரனுக்கு ஒரு நாள் சம்பளமும் கணக்குத்தான்.

வீட்டுக்கு வீடு

எனவே டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை கூட்டிப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி அன்று மதுரை விமானத்தில் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பிறகு உட்கார்ந்து கூட்டினேன்.

மும்பை–மதுரை விமான தூரம் சுமார் 1,170 கி.மீட்டர். சென்னையை விட 140 கி.மீட்டர்தான் அதிகம், விமானத்துக்கு அது 10, 15 நிமிடம். தாராவியிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரம். 2025 அக்டோபரில் முழுவதும் திறந்துவிட்ட மெட்ரோவில் போனால் இது பாதியாகும். தாராவியிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, இரண்டு முனையங்களுக்கும் தனித்தனி ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் விடியற்கால விமானத்துக்கு மெட்ரோ இருக்காது. நிலையத்தில் 2 மணி நேரம் முன்பு இருக்க வேண்டும். விமானத்தில் 2 மணி நேரம். இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி. அங்கிருந்து பஸ் பிடித்து, கோவில்பட்டியில் மாறிக் கிராமம் போக மூன்றரை மணி. மொத்தம் 9 மணி நேரம்.

10 மணி விமானம் என்றாலும் மாலை 4 மணிக்கு ஊரில் இருந்திருக்கலாம். பொழுது சாய்வதற்கு முன்பு.

தூத்துக்குடி வாகைக்குளத்தில் ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். புதிய முனையத்தை 2025 ஜூலையில் பிரதமர் திறந்து வைத்தார். இனிப் பெரிய ஜெட் விமானங்கள் இறங்கலாம். மும்பையிலிருந்து தூத்துக்குடி ஆகாய வழியில் சுமார் 1,280 கி.மீட்டர். சென்னைக்கு ரெயில் ஓடுகிற தூரம்தான். மும்பையிலிருந்து தினசரி நேர் விமானம் இருந்தால் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக்காரர்களுக்கு அந்த 9 மணி நேரம் 7 ஆகும். எம்.பி.க்களிடம் மனுக் கொடுக்கும் நமது சங்கங்கள், கூடுதல் ரெயில் கேட்பதோடு இதையும் கேட்கலாம். இறப்பு, உயிருக்கு ஆபத்து போன்ற சமயங்களில் கடைசி நேர விலையிலிருந்து விலக்கு வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதலாம். ரெயில்வேயில் அவசர கோட்டா என்று ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் யாருக்குப் போகிறது என்பதை நான் எழுதினால் நாளைக்கு மெமோ வரும். ஆனாலும் ஏட்டளவிலாவது இருக்கிறது.

கடைசியாக ஒரு செய்தி. மும்பைக்கு இப்போது விமான நிலையம் இரண்டு. பன்வேல் பக்கம் உல்வேயில் கட்டிய நவி மும்பை விமான நிலையத்தை 2025 அக்டோபர் 8-ந் தேதி திறந்தார்கள். டிசம்பர் 25-ந் தேதி முதல் விமானங்கள் போகின்றன. பன்வேல், வாஷி, நெரூல் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு வசதி. ஆனால் தாராவியிலிருந்து அங்கே போவது ஒரு தனிப் பயணம். டிக்கெட் எடுக்கும்போது இரண்டையும் "மும்பை" என்றே காட்டுகிறார்கள். பழைய நிலையம் என்றால் பி.ஓ.எம். என்றும், புதியது என்றால் என்.எம்.ஐ. என்றும் மூன்று எழுத்து பக்கத்தில் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பு அந்த மூன்று எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.